தினமும் 10,000 ஸ்டெப்ஸ் நடந்தே ஆகணுமா? பாலக்கரையிலிருந்து மார்க்கெட் வரை நடந்தால் கணக்கில் வராதா?

திருச்சி பாலக்கரையில் காலை ஐந்தரை மணிக்கு ரோடு நடப்பவர்கள் கையில் இருக்கும். பால் பாக்கெட் வாங்கக் கிளம்பியவர், காந்தி மார்க்கெட்டில் காய் விலை ஏறுவதற்குள் போய்விட வேண்டும் என்று கட்டைப் பையோடு விரைபவர், சகாய மாதா கோயில் பூசைக்குப் போகிறவர், முதல் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர் என்று ஆளுக்கொரு பக்கம் நடப்பார்கள். எட்டு மணி ஆகிவிட்டால் டவுன் பஸ்ஸும் ஆட்டோவும் பைக்கும் பிரபாத் ரவுண்டானாவைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் நடப்பவருக்கு ஓரம்தான்.

இவர்களில் யாரை நிறுத்திக் கேட்டாலும், "வாக்கிங்கா? அதுக்கெல்லாம் எங்கங்க நேரம்" என்றுதான் பதில் வரும். வாக்கிங் என்றால் ஷூ வேண்டும், மைதானம் வேண்டும், செல்போனில் ஸ்டெப் எண்ணும் செயலி வேண்டும் என்று மனதில் பதிந்துவிட்டது. சுகர் செக்கப்புக்குப் போகும்போது டாக்டர் "நடக்கிறீங்களா?" என்று கேட்டால், தினமும் மார்க்கெட்டுக்கு நடந்து போய்வருபவர்கூடத் தலையைக் குனிந்துகொள்கிறார்.

உண்மையில் அந்த மார்க்கெட் நடை கணக்கில் வருமா, வராதா? வரும். எவ்வளவு வரும், எப்படி நடந்தால் வரும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

10,000 என்ற எண் எங்கிருந்து வந்தது?

இந்த எண்ணை முதலில் சொன்னது மருத்துவ ஆராய்ச்சி அல்ல, ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு கருவி. 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. நாடு முழுவதும் உடற்பயிற்சி பற்றிய பேச்சாக இருந்த நேரம். அடுத்த ஆண்டே யமாசா என்ற நிறுவனம், இடுப்பில் மாட்டிக்கொண்டால் காலடிகளை எண்ணிச் சொல்லும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் 'மான்போ-கெய்'. தமிழில் சொன்னால் 'பத்தாயிரம் காலடி மீட்டர்'. முழு எண், சொல்ல எளிது, மறக்காது. பிறகு வந்த கைக்கடிகாரங்களும் செல்போன்களும் அதையே இலக்காக எடுத்துக்கொண்டன.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 2023 நவம்பர் 4-ம் தேதி தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாதைத் தடம், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே மருத்துவப் பரிசோதனை முகாம் என்பது ஏற்பாடு. டோக்கியோவில் இருக்கும் 8 கிலோமீட்டர் நடைத்தடம்தான் இதற்கு முன்மாதிரி என்று அப்போது சொல்லப்பட்டது. 8 கிலோமீட்டர் நடந்தால் ஏறக்குறைய 10,000 ஸ்டெப்ஸ்.

முடிந்தவர்களுக்கு நல்ல திட்டம்தான். ஆனால் 8 கிலோமீட்டர் நடக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலை ஏழு மணிக்குக் கடை திறக்கிறவருக்கும், பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடுகிற அம்மாவுக்கும் அது ஆகிற காரியமா? "பத்தாயிரம் முடியாது, அப்ப எதுக்கு நடக்கணும்" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். நஷ்டம் அங்கேதான்.

அப்படியானால் எத்தனை போதும்?

அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களின் காலடிகளை எண்ணிச் செய்த ஆய்வு 2019-ல் வெளியானது. ஐ-மின் லீ என்ற ஹார்வர்டு பேராசிரியர் தலைமையில் நடந்தது. ஒரு நாளைக்குச் சுமார் 2,700 ஸ்டெப்ஸ் மட்டும் நடந்தவர்களோடு ஒப்பிட்டால், 4,400 நடந்தவர்களுக்கு அந்த ஆய்வுக் காலத்தில் மரண ஆபத்து 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 வரை பலன் கூடிக்கொண்டே போனது. அதற்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை.

2025-ல் 'லான்செட் பப்ளிக் ஹெல்த்' இதழில், பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது. 2,000 ஸ்டெப்ஸ் நடப்பவர்களைவிட 7,000 நடப்பவர்களுக்கு மரண ஆபத்து 47 சதவீதம் குறைவு என்றது அது. இவை மக்களைக் கவனித்துச் செய்த ஆய்வுகள். நன்றாக இருப்பவர்களே அதிகம் நடப்பார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆனாலும் எல்லா ஆய்வுகளும் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன: பெரிய லாபம் முதல் சில ஆயிரத்தில்தான் இருக்கிறது.

இந்த 7,000 ஒரே மூச்சில் நடக்க வேண்டியதும் இல்லை. அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடப்பது, மாடி ஏறுவது, பஸ் ஸ்டாப்புக்குப் போவது எல்லாமே இதில் அடக்கம். பாலக்கரையிலிருந்து காந்தி மார்க்கெட்டுக்கு நடையாகப் போய்வந்தாலே அரை மணி நேரம் ஆகும். நிமிடத்துக்கு 100 ஸ்டெப் என்று வைத்தால் அதுவே 3,000.

நம்ம ஊர் ஆட்களுக்குப் பொருந்துமா?

"அதெல்லாம் வெள்ளைக்காரங்க உடம்பு" என்று சொல்பவர்களுக்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு நடத்திய 'இந்திய நீரிழிவு தடுப்புத் திட்டம்' என்ற ஆய்வின் முடிவு 2006-ல் வெளியானது. இன்றும் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் ஆய்வு. ஆனால் இது நடந்த தமிழ்நாட்டிலேயே பலருக்குத் தெரியாது.

சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது என்ற நிலையில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். சராசரி வயது 46-ஐ ஒட்டி. நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். ஒரு குழுவுக்குச் சாப்பாட்டில் மாற்றமும் தினமும் குறைந்தது 30 நிமிட வேக நடையும். ஒரு குழுவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. கடைசிக் குழுவுக்கு இரண்டுமே.

மூன்று ஆண்டு முடிவில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடையையும் சாப்பாட்டையும் மாற்றியவர்களில் அது 39.3 சதவீதம். மாத்திரை சாப்பிட்டவர்களில் 40.5 சதவீதம். இரண்டும் சேர்ந்தவர்களில் 39.5. அதாவது, 100 பேரில் 16 பேர் அளவுக்கு நோய் தள்ளிப்போனது. மாத்திரை செய்த வேலையை நடையும் சாப்பாட்டு மாற்றமும் செய்தன.

இந்த ஆய்வில் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. முதலாவது, வேலையின் காரணமாக ஏற்கெனவே அரை மணி நேரத்துக்கு மேல் நடக்கிறவர்கள், சைக்கிள் மிதிக்கிறவர்களிடம் புதிதாக எதையும் செய்யச் சொல்லவில்லை. "இப்ப செய்றதையே விடாம செய்யுங்க" என்றுதான் சொன்னார்கள். மார்க்கெட் நடைக்குக் கிடைத்த சர்டிபிகேட் என்றே இதை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, நடந்தவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் நோய் குறைந்தது. இரண்டு மாதம் நடந்துவிட்டு, "வெயிட் மிஷின்ல ஒரு கிலோகூட இறங்கல, வேஸ்ட்" என்று நிறுத்துபவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். எடைக்கு நடையை மட்டும் நம்பவும் கூடாது. அரை மணி நேர நடையில் எரியும் கலோரியை, திரும்பும் வழியில் டீக்கடையில் சாப்பிடும் ஒரு வடையும் சர்க்கரை போட்ட ஒரு காபியும் அங்கேயே நிரப்பிவிடும். திருச்சியில் அந்த வாசனையைத் தாண்டி வீடு வந்து சேர்வதே தனிப் பயிற்சி.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். சும்மா உட்கார்ந்திருந்தால் அதைத் தசைக்குள் தள்ள இன்சுலின் வேண்டும். நடக்கும்போது கால் தசை சுருங்கி விரிகிறது. அப்படி வேலை செய்யும் தசை, இன்சுலினுக்காகக் காத்திருக்காமல் சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்புக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் சாப்பிட்ட பிறகு நடப்பது பற்றி இப்போது அதிகம் பேசுகிறார்கள். 2013-ல் அமெரிக்காவில் முதியவர்களிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில், காலையில் ஒரேயடியாக 45 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் 15 நிமிடம் நடந்தது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தியது. நம் வீடுகளில் ராத்திரி எட்டரைக்கு இட்லி, தோசை சாப்பிட்டுவிட்டு அப்படியே டி.வி. முன் சாய்வதுதான் வழக்கம். அதற்கு முன் தெரு முனை வரை இரண்டு முறை போய்வந்தால், அது மைதானத்துக்குப் போகாமலே நடந்த வாக்கிங்.

கெண்டைக்கால் தசைக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒவ்வொரு அடியிலும் அது காலில் தேங்கும் ரத்தத்தை மேலே இதயத்துக்கு அழுத்தி அனுப்புகிறது. நாள் முழுக்கக் கல்லாவில் உட்காரும் கடைக்காரருக்கும், நின்றபடியே வேலை செய்யும் ஜவுளிக்கடை ஊழியருக்கும் சாயங்காலம் கால் வீங்குவதற்கு ஒரு காரணம், அந்தப் பம்ப் ஓடாமல் இருப்பது.

டிரைவரும் கண்டக்டரும்

நடைக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை முதலில் எடுத்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். அவர் பார்த்தது லண்டன் மாடிப் பேருந்துகளை. டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்குவார். ஒரு ஷிப்டில் 500-க்கும் மேற்பட்ட படிகள். 1953-ல் வெளியான முடிவின்படி, கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் உயிரைப் பறிப்பது குறைவு.

டிரைவர் வேலைக்கு வந்தவர்களின் சீருடை இடுப்பளவு கண்டக்டர்களுடையதைவிடப் பெரிதாகவே இருந்தது என்பதையும் மோரிஸே பின்னர் எழுதினார். அதனால் முழுப் பெருமையும் படிக்கட்டுக்கு இல்லை. ஆனாலும் அதன் பிறகு எத்தனையோ நாடுகளில் தோண்டிப் பார்த்தும், உட்கார்ந்தே இருப்பவர் பக்கம் தீர்ப்பு திரும்பவில்லை. ஜங்ஷனுக்கும் சத்திரத்துக்கும் இடையே பாலக்கரை வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னும் பின்னும் போகும் கண்டக்டரைப் பார்க்கிறவர்களுக்கு இந்த ஆய்வு சுலபமாகப் புரியும்.

எங்கே நடக்கலாம்?

நடைக்குப் பேர்போன ஊர் திருச்சி. மலைக்கோட்டையைப் பார்த்தபடி பெரிய கடை வீதி, தெப்பக்குளம், மெயின்கார்டு கேட் என்று காலை ஆறு மணிக்கு ஒரு சுற்று போய்வந்தால், பகலில் கால் வைக்க இடமில்லாத அதே தெருக்களா என்று சந்தேகம் வரும். கடை ஷட்டர்கள் மூடியிருக்கும். வாசல் தெளிக்கும் சத்தம் கேட்கும். பூக்கட்டுபவர்கள் மட்டும் வேலையைத் தொடங்கியிருப்பார்கள்.

உச்சிப் பிள்ளையார் கோயிலுக்கு ஏறுவது வேறு கணக்கு. பாறை உயரம் சுமார் 83 மீட்டர். படிகள் 400-க்கும் மேல். சமதள நடை பழகியவருக்கு வாரம் ஒருமுறை இது நல்ல சவால். முழங்கால் வலி, இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஏற வேண்டும்.

பாலக்கரைக்குப் பக்கத்திலேயே ஓடுவது உய்யக்கொண்டான் வாய்க்கால். ராஜராஜ சோழன் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும், ஆயிரம் ஆண்டு பழைய வாய்க்கால். பேட்டவாய்த்தலையில் காவிரியில் பிரிந்து நகரத்தின் நடுவே வருகிறது. அதன் கரையில் சில இடங்களில் மாநகராட்சி நடைபாதை அமைத்திருக்கிறது. தண்ணீர் ஓடும் மாதங்களில் அந்தக் காற்றே தனி. கழிவுநீர் கலக்கும் இடங்களில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் தாண்ட வேண்டும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு வேறு எதையும் தேட வேண்டியதில்லை. 156 ஏக்கர் கோயில், ஏழு பிரகாரங்கள், 21 கோபுரங்கள். உத்திர வீதியும் சித்திர வீதியும் மனிதர்கள் குடியிருக்கும் பிரகாரங்கள். பல தலைமுறைகளாக அங்கே காலையில் சுற்றி வருபவர்கள் யாரும் அதை வாக்கிங் என்று சொன்னதில்லை. அம்மா மண்டபம் போய்க் குளித்துவிட்டு, நாலு வார்த்தை பேசியபடி, தெரிந்த வீட்டுத் திண்ணையில் நின்று நலம் விசாரித்துவிட்டு வருவது அது. நடையின் பாதி மருந்து இந்தப் பேச்சில் இருக்கிறது. துணைக்கு ஆள் இருந்தால் "இன்னிக்கு வேணாம்" என்று போர்வையை இழுக்கத் தோன்றாது.

அரசே இலவசப் பஸ் விட்டிருக்கிறதே, பெண்கள் எதற்கு நடக்க வேண்டும் என்று கேட்கலாம். ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கிக்கொள்ளலாம்.

வேகம் எப்படி இருக்க வேண்டும்?

கணக்கு எளிது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட்டுப் பாடிக்கொண்டே நடக்க முடிகிறது என்றால் இன்னும் கொஞ்சம் எட்டி வைக்கலாம். பேசவே மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம். வாரத்தில் ஐந்து நாள், தினம் அரை மணி என்றால் குறைந்தபட்சம் முடிந்துவிடும். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தாலும் தப்பில்லை.

மொட்டை மாடியில் எட்டு போட்டு நடப்பவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். நடப்பது நல்லது, தாராளமாகச் செய்யலாம். எட்டு வடிவத்துக்கென்று தனி சக்தி தேட வேண்டியதில்லை. மைதான வாசலில் விற்கும் அருகம்புல் ஜூஸ் விஷயமும் அப்படித்தான்.

"மூட்டு தேஞ்சிடும்" என்று பயப்படுபவர்களுக்கு: 50 வயதைத் தாண்டிய, முழங்கால் தேய்மானம் உள்ளவர்களைப் பல ஆண்டு கவனித்து 2022-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், பயிற்சியாக நடந்தவர்களுக்குப் புதிதாக அடிக்கடி முழங்கால் வலி வரும் வாய்ப்பு 40 சதவீதம் குறைவாக இருந்தது. ஏற்கெனவே வீங்கி வலிக்கும் மூட்டோடு நடப்பது பற்றி இது சொல்லவில்லை. அதற்கு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

இன்சுலின் போடுபவர்களும் சில வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றில் வேகமாக நடந்தால் சர்க்கரை திடீரென இறங்கலாம். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, கண் இருட்டுவது அதன் அறிகுறி. சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருப்பது நல்லது. நடக்கும்போது நெஞ்சு அழுத்தி, நின்றால் சரியாகிறது என்றால், "கேஸ்" என்று ஓமத்தண்ணி குடித்துவிட்டுப் படுக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

திருச்சிக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. கோயில் பிரகாரத்தில் செருப்பு போட முடியாது. பல வருஷமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். மதியம் கொதிக்கும் கருங்கல்லில் நடந்து, சூடு தெரியாமலே பாதம் வெந்து, வீட்டுக்கு வந்தபின் கொப்புளத்தைப் பார்ப்பது இப்படித்தான். அப்படிப்பட்ட புண் ஆறாமல் போய் விரலை எடுக்க வேண்டிய நிலைகூட வரலாம். அவர்கள் கோயிலுக்கு அதிகாலையிலோ சாயங்காலமோ போவதுதான் சரி. ரோட்டில் எப்போதும் செருப்பு, முடிந்தால் ஷூ.

சரி, நடக்க ரோடு எங்கே?

2024-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' வெளியிட்ட கணக்கின்படி, 2022-ல் இந்தியாவில் வயது வந்தவர்களில் பாதிப் பேர் தேவையான அளவு உடலை அசைக்கவில்லை. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ராத்திரி எட்டரைக்குத் தெருவிளக்கு எரியாத சந்தில் ஒரு பெண் தனியாக நடக்க முடியுமா என்பதும் அந்த 57-க்குள் இருக்கிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கில், 2022-ல் மட்டும் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த பாதசாரிகள் 32,825 பேர். டாக்டர் "நடங்க" என்று சொல்லும் அதே ரோட்டில்தான் இது நடக்கிறது.

நடைபாதை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி, நடக்கும் இடம் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது ஆறு அடி அகலம், தடையில்லாமல் இருக்க வேண்டும். விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. நம் ஊரில் அந்த ஆறு அடியில் டிரான்ஸ்பார்மர், கடையின் பெயர்ப் பலகை, நிறுத்திய பைக் எல்லாம் போக மிச்சம் இருப்பதில்தான் நடை. தள்ளுவண்டிக்காரரை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. அவரிடம் வாங்குவதே நடப்பவர்தான். அவருக்கு இடம் ஒதுக்க 2014-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது.

இந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. சாலைப் பாதுகாப்புக்காகக் கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடுத்த வழக்கு அது. அந்த வழக்கில் 2025 மே 14-ம் தேதி, தடையில்லாத நடைபாதை கிடைப்பது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும் வகையில் நடைபாதை இருக்க வேண்டும், ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும், இதற்கான வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் கொண்டுவர வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

பாலக்கரையில் காலை ஒன்பது மணிக்கு ரவுண்டானாவைக் கடக்க முடியாமல், கூப்பிடும் தூரத்தில் இருக்கும் மருந்துக் கடைக்கு ஆட்டோ பிடிக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கால் நன்றாகத்தான் இருக்கிறது. சர்க்கரை மாத்திரை வாங்கத்தான் போகிறார்கள்.